கரிமூட்டத்துக்கும் மிளகாய்க் களத்துக்கும் சாயங்கால மருத்துவ வண்டி வேண்டும்: ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர், காவல் கண்காணிப்பாளர், தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும், வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கும் ஏஜெண்டுகள், மேஸ்திரிகள், முதலாளிமார்களுக்கும் வணக்கம்.

தை பிறந்தால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் வெளியூர் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மானாவாரி நெல் அறுக்க மேற்கு மாவட்டங்களின் அறுவடை மெஷின்களோடு டிரைவரும் ஹெல்பரும் வருகிறார்கள். முண்டு மிளகாய் பறித்துக் களத்தில் காயப்போடப் பெண்கள் வருகிறார்கள். சீமைக்கருவேலம் வெட்டி, கரி சுட மூட்டம் போடக் குடும்பம் குடும்பமாக வந்து தார்ப்பாய்க் குடிசையில் தங்குகிறார்கள். உப்பளத்துக்கும் இறால் பண்ணைக்கும் வடமாநில இளைஞர்கள், பனை சீசனுக்குப் பாளை சீவுகிறவர்கள் என்று ஆடி வரைக்கும் இந்த வரத்து ஓயாது. இதே மாதங்களில் நம் மாவட்டத்து ஆட்களும் ஊரில் இருப்பதில்லை. ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை ஆட்டோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். வேறு பலர் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள்.

இப்படி வேலைக்கு வந்து தங்குகிறவர்களிடத்தில் குடியும், வலி மாத்திரையும், பால்வினை நோயும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மண்டபம், வேதாளை கரையில் கடத்தல் மூட்டை பிடிபட்டால் மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. தார்ப்பாய்க் குடிசைக்குள் நடப்பதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: சிகிச்சை, ஒரு மருத்துவ வண்டியில், வேலை நடக்கும் இடத்துக்கு, வேலை முடியும் நேரத்தில் வர வேண்டும். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறோம்.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் மூடுகிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையமோ, கூலிக்காரர் கை கால் கழுவிக் கிளம்புவதற்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. கரிமூட்டக்காரர் நிலை இன்னும் மோசம். மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டால், அளவைப் பொறுத்து ஒரு வாரமோ அதற்கு மேலோ இரவும் பகலும் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மேலே பூசிய மண் எங்காவது வெடித்துக் காற்று உள்ளே போனால், கரி ஆக வேண்டிய விறகெல்லாம் சாம்பல். அந்த நஷ்டம் வாங்கிய அட்வான்ஸில் ஏறும். ஆகவே சீழ் வடிந்தாலும் அவர் நகர மாட்டார். தூக்கம் விழிக்கவும் புகைக்கும் இருமலுக்கும் ஒரு கட்டிங் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாள்கூலிக்கு மிளகாய் பறிக்கும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது என்பது அன்றைய கூலியை அப்படியே விடுவது.

அதனால் முதல் வைத்தியம் குடிசையிலேயே நடக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் எல்லோரும் சொல்வது 'சூடு'. மோர், இளநீர், நன்னாரி என்று ஓடும். வெயிலில் வேலை பார்த்து வரும் நீர்க்கடுப்பு உண்மையில் இருக்கிறது. மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். மிளகாய்க் களத்திலோ இன்னொரு குழப்பம் உண்டு. பழத்தின் காரம் விரலில் ஒட்டியிருந்து, ஒதுங்கும்போது பிறப்புறுப்பில் பட்டு எரியும். இது சில மணி நேரத்தில் தணியும். இரண்டு நாள் தாண்டியும் எரிச்சல் இருந்தால், சீழ் வந்தால், புண் இருந்தால், அரையில் நெறி கட்டியிருந்தால், வாடையோடு வெள்ளைப்பட்டால், பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால் அது சூடு இல்லை. இந்த ஒரு பாகுபாட்டை மட்டும் படத்தோடு அச்சடித்து, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் குரல் பதிவாகவும் தயாரித்துக் களங்களில் கொடுத்தாலே பாதிப் பேர் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

புண் விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். அந்தச் சமயத்தில் என்ன தடவினாரோ, எந்த ஊசி போட்டாரோ அதுதான் குணப்படுத்தியது என்று நம்பிவிடுவார். கிருமி ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். மனைவி கர்ப்பமானால் குழந்தை இறந்தே பிறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் படர்தாமரைக் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியதும் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும், உள்ளே பூஞ்சை பரவும். பிறகு வருகிற மருத்துவருக்கு எது படர்தாமரை, எது வேறு நோய் என்று கண்ணால் பார்த்துச் சொல்வதே சிரமமாகிவிடும்.

மருந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறிகுறியை வைத்துக் கொடுக்கும் இலவச மருந்துப் பொதிகள் நிறம் பிரித்து வருகின்றன. சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறப் பொதி: செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், இதுவும் ஒரே வேளை. வலியில்லாப் புண்ணுக்கு வெள்ளைப் பொதி, அதில் பென்சத்தீன் பென்சிலின் ஊசி. அடிவயிற்று வலிக்கு மஞ்சள், 14 நாள். அரைநெறிக்குக் கறுப்பு, 21 நாள். ஒரு வேளையில் முடியும் மருந்து இடம்விட்டு இடம் போகிறவர்களுக்கென்றே செய்தது போன்றது. அதுவும் தவறிப்போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் தவறாது.

பச்சைப் பொதியையோ மஞ்சள் பொதியையோ சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் பலருக்குக் குமட்டல், வாந்தி, படபடப்பு வரும். ஆள் மருந்தின் மேல் பழி போட்டு மீதியைத் தூக்கி எறிவார், கூட இருப்பவர்களிடமும் சொல்லிவிடுவார். ஆகவே சனிக்கிழமை கூலி கொடுக்கும் நாளில் அந்த மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. பச்சைப் பொதியை வண்டியிலேயே, நம் கண்ணெதிரே சாப்பிட வைத்து, மூன்று நாள் குடிக்காதீர்கள் என்றும், மஞ்சள் பொதியானால் 14 நாள் மருந்து முடிந்து மூன்று நாள் வரை குடிக்காதீர்கள் என்றும் காரணத்தோடு சொல்ல வேண்டும். முடியாது என்று அவர் நேர்மையாகச் சொன்னால், முடிகிற நாளுக்குத் தேதி வைக்க வேண்டும். கறுப்பு, மஞ்சள் பொதிகளில் உள்ள டாக்ஸிசைக்ளினுக்கு வேறு தொல்லை. அது வெயிலைத் தாங்காத தோலை உண்டாக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பின் வெண்மையில் வெயில் எதிரடித்து முகத்துக்கே வருகிறது. முகமும் முன்கையும் வெந்து உரிந்தால் நான்காம் நாளே மாத்திரை நின்றுவிடும். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் வேண்டும். சாப்பிட்டபின், ஒரு சொம்புத் தண்ணீரோடு, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாக விழுங்க வேண்டும்; இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும், அந்த ஐந்து நிமிடம் புறநோயாளிகள் வரிசையில் கிடைப்பதில்லை.

துணைக்கும் மருந்து தராமல் ஒருவருக்கு மட்டும் தந்தால் வேலை பாதிதான். ஆள் இங்கே, மனைவி கமுதிப் பக்கத்துக் கிராமத்திலோ ஒடிசாவிலோ. அவர் குணமாகி ஊருக்குப் போய் மறுபடியும் வாங்கி வருகிறார். எந்த நோய் என்று எழுதாமல், பொதியின் நிறத்தை மட்டும் குறித்த ஒரு சீட்டைக் கொடுத்தால் அந்த ஊர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். இருவரும் மருந்து எடுத்து ஏழு நாள் வரை உறவு வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை பற்றி. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து எச்.ஐ.வி.யையும் சிஃபிலிஸையும் ஒரே பட்டையில் பார்க்கும் கிட் இருக்கிறது, கால் மணி முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் அது முதற்கட்டச் சோதனை. நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்டுகளில் உறுதி செய்யும் வரை யாரையும் 'எச்.ஐ.வி. இருக்கிறது' என்று சொல்லிவிடக் கூடாது. போன வாரம் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டவருக்கு இந்த வாரச் சோதனையில் தொற்று இல்லை என்று வருவதில் அர்த்தம் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் அவர் வேலை பார்க்கும் அறுவடை மெஷின் எந்த ஜில்லாவில் நிற்குமோ தெரியாது. எனவே தேதி மட்டும் எழுதிய சிறு அட்டை ஒன்றும், எங்கிருந்தும் கூப்பிடக்கூடிய 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணும் அவர் பையில் இருக்க வேண்டும்.

இங்கே முதலாளிமார்களிடம் கண்டிப்பாக ஒரு வார்த்தை. 'எல்லாருக்கும் ரத்தம் எடுத்து ரிசல்ட்டை எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, சம்மதம் இல்லாத பரிசோதனையைத் தடுக்கிறது. வேலைக்குச் சேர்க்க அதை நிபந்தனையாக்குவதையும், தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதையும் தடுக்கிறது. பட்டியல் கேட்கும் இடத்தில் நோயுள்ளவர்தான் முதலில் காணாமல் போவார், மருந்தும் இல்லாமல்.

தொற்று உறுதியானவர்களுக்கு இன்றைக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுப் பரவாது. ஆனால் களத்தில் ஒரு தப்பான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: குடித்த அன்று மாத்திரை சாப்பிட்டால் ஆபத்து என்று. வாரத்தில் மூன்று நாள் குடிக்கிறவர் மூன்று மாத்திரையை விட்டுவிடுகிறார், மருந்துக்கு வைரஸ் பழகிப்போகிறது. குடித்திருந்தாலும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாக வேண்டும். குடிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பும் அறிவுரை இந்த இடத்தில் கெடுதலே செய்கிறது. சீசனுக்கு வந்தவர், எச்.ஐ.வி. மருந்து தரும் தன் ஊர் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க மட்டும் திரும்பிப் போக முடியாது. எந்த மையத்து அட்டையைக் காட்டினாலும் ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அன்றே மாத்திரை தர உத்தரவிடுங்கள்.

ஆணுறை கொடுத்தோம் என்று எண்ணிக்கை காட்டுவது எளிது. தகரக் கொட்டகையில் மேஸ்திரியின் பெட்டியில் பூட்டி வைத்தால் ரப்பர் வெயிலில் காய்ந்து கெடும், கேட்டு வாங்கவும் யாரும் போக மாட்டார்கள். டீக்கடையிலும் கழிப்பறைச் சுவரிலும் நிழலில் பெட்டி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட இந்தக் கரைக்கே உரிய சிக்கல் தேங்காய் எண்ணெய். மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் பறித்துவிட்டு வந்தவர்கள் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். அதே எண்ணெய் ஆணுறையின் ரப்பரைச் சில நிமிடங்களில் பலமிழக்கச் செய்து கிழித்துவிடும். எண்ணெய் தேய்த்துப் பழந்துணியில் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். காரமும் போகும், எண்ணெயும் போகும். வழுவழுப்பு வேண்டுமானால் தண்ணீரில் கரையும் ஜெல்லை ஆணுறையோடு சேர்த்துக் கொடுங்கள். போதையில் இருப்பவர் தாமதமாக மாட்டுவதும், முடிந்தபின் அடியைப் பிடிக்காமல் எடுப்பதும்தான் மற்ற இரண்டு காரணங்கள். மாதிரியில் மாட்டிக் காட்டிப் பழக்கினால் குடித்த கையும் ஓரளவு சரியாகச் செய்யும்.

குடியை ஒரே நாளில் நிறுத்துவது பற்றி மேஸ்திரிகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டியது இது. தினமும் குடிப்பவரைத் திடீரென்று அடைத்து வைத்தால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் எதிரில் இருப்பவரையே அடையாளம் தெரியாமல் போய், இல்லாததைப் பார்த்துப் பயந்து கத்துவார். இதைப் பேய் என்று எண்ணிக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேரைத் தீயில் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. கட்டும் பழக்கம் எந்தக் கொட்டகையிலும் திரும்பக் கூடாது. ஏர்வாடி தர்காவில் துவா என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் அரசு ஏற்பாடு நடந்திருக்கிறது. தர்காவுக்கு அழைத்துப் போகிறவர்களும் அங்கே மருத்துவரைப் பார்க்கலாம். நடுக்கம் கண்டவுடன் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடிநோயாளிக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை முதலில் ஏற்றாதீர்கள். உடம்பில் மிச்சமிருக்கும் பி1 சத்தும் அதில் தீர்ந்து, நடை தள்ளாடி, ஞாபகமே திரும்பாமல் போகலாம்.

இடுப்பு வலிக்கு என்று ஆரம்பிக்கும் டாபென்டடால் போன்ற மாத்திரைகள் இன்று இளைஞர்களிடம் போதைக்காகவே புழங்குகின்றன. கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரையைச் சேர்த்துப் பிடிக்கும் மாவும் பொடியும் நரம்பை அடைத்து, சீழ்க்கட்டி வந்து, விரல் கறுத்து, கையையே எடுக்கும் நிலை வரும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி-யும் எச்.ஐ.வி.யும். இதோடு சாராயமும் சேர்ந்தால் மூச்சு மெல்ல நின்றுபோகும். உதடு நீலம் பாய்ந்து, குரு குரு என்று குறட்டை விட்டால் 'நன்றாகத் தூங்குகிறான்' என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உலுக்கி எழுப்பப் பார்த்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். போலீஸ் வரும் என்ற பயத்தில்தான் கூப்பிடத் தயங்குகிறார்கள். காவல் கண்காணிப்பாளர் அவர்களே, போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும் போதை அடிமைக்கு, சொந்த உபயோகம், சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இதைக் கடற்கரைக் காவல் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். சிகிச்சை வண்டி நிற்கும் இடத்தில் அன்று சோதனை வேண்டாம். மீட்பு ஆலோசனைக்கு 14446.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் ஒருவர் கையில், தங்குமிடமும் அவர் கையில், ஊர் போகும் வண்டியும் அவர் கையில் என்றால், அவர் இரவில் வந்து கேட்பதற்கு அந்தப் பெண் சொல்லும் சரி, சம்மதம் ஆகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி, பத்துப் பேருக்குக் குறைவான இடங்களின் புகாரையும் முதலாளி மீதான புகாரையும் விசாரிக்க மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர் குழு உண்டு. அந்தக் குழுவின் எண் எந்தக் களத்திலும் எழுதப்படவில்லை. வன்முறை நடந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள். இவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை, எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி செய்தாக வேண்டும் என்பது சட்டம். 72 மணி நேரம் என்பது மூன்று நாள். அதில் ஒரு நாள் பயத்திலும், ஒரு நாள் பஸ்ஸுக்குக் காசு தேடுவதிலும் போய்விடுகிறது. அந்த மருந்தின் முதல் ஐந்து நாள் பங்காவது ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளை, அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் இல்லை என்ற காரணத்துக்காகச் சிஃபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யாமல் திருப்பி அனுப்புவதும் நிற்க வேண்டும்.

இனி வண்டி. வாரம் இரண்டு நாள், மாலை 6 முதல் இரவு 9 வரை போதும். கூலி கொடுக்கும் நாள் ஒன்று, வேறொரு நாள் ஒன்று. ஒரு மருத்துவர், ஒரு பெண் செவிலியர், ஓர் ஆய்வக நுட்பநர், ஆலோசனை சொல்ல, இந்தி பேசத் தெரிந்த ஓர் ஆற்றுப்படுத்துநர். 50 பேர் தங்கும் இடத்துக்கு 60 இரட்டைப் பரிசோதனைக் கிட், எல்லா நிறப் பொதிகளும், ஆளுக்கு 20 ஆணுறை. பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு புட்டத்திலும் ஆழமாகப் போட வேண்டும். மருந்து கெட்டி, மெல்லிய ஊசி அடைத்துக்கொள்ளும், 21 எண் ஊசி எடுத்துவர வேண்டும். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும், ஊசி போட்டவர் அரை மணி நேரம் வண்டியருகிலேயே உட்கார வேண்டும். வண்டியில் எய்ட்ஸ் என்றோ போதை மீட்பு என்றோ எழுதாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, வெட்டுக்காயம், டெட்டனஸ் ஊசி எல்லாம் பார்க்கும் பொது வண்டியாக இருக்கட்டும். திரைக்குப் பின்னால் போகிறவர் எதற்குப் போகிறார் என்று பக்கத்துக் குடிசைக்குத் தெரியக் கூடாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடிப் போகிறது. கரிமூட்டமும் ஒரு வீடுதான். 1990களில் லாரி ஓட்டுநர்களைத் தேடி நெடுஞ்சாலை ஓரத்துக்கே போன மாநிலம் இது.

மேஸ்திரிகளே, கூலியைப் பணமாக மட்டும் கொடுங்கள். குவாட்டர் வாங்கிக் கொடுத்துக் கணக்கில் கழிப்பது சட்டத்துக்கு விரோதம், அடுத்த வாரம் அவரை அட்வான்ஸில் இன்னும் ஆழமாகத் தள்ளுவதும் அதுதான். பாதிக் கூலி வங்கிக் கணக்கில் போகட்டும். கொட்டகைக்கு உள்ளே தாழ்ப்பாள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஆளுக்குப் போதுமான குடிதண்ணீர்: இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு பெரிதில்லை.

மிளகாய்ப் பறிப்பு மாசியில் சூடு பிடிக்கும். முதல் வண்டி எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் வரும், எந்த நம்பரில் கூப்பிடலாம் என்று பொங்கலுக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எழுதிவிடுங்கள். கரிமூட்டங்கள் எங்கெங்கே போடப்பட்டிருக்கின்றன, எத்தனை குடும்பம் என்ற பட்டியலைத் தயாரிக்க நாங்கள் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை வட்டாரங்களில் பால்வினை நோய்த் தடுப்பு, போதை மீட்புப் பணியில் இருக்கும் ஆற்றுப்படுத்துநர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள்